கோயில் வாசல்ல கெடந்த பூட்ஸ்

— அப்ப ஏன் அத்தன பேரும் வெறுங்காலோட செத்துக் கெடக்குறானுங்க? சொல்லு திவாகரன்.

— அதாவது ரூபினி... மொதல்ல தே தாரேக்க குடி. ஆறிப் போவுது.

— ஆறட்டும்லா. நெஞ்சுத் தகடு, சங்கிலிச் சட்ட, ஹெல்மெட், கிளவுஸ், பூட்ஸ், எல்லாமே ஸ்டீலு. வியாபாரிகிட்ட வாங்கிக்கலாம்னு நீ சொன்ன. மனுசனுக்கு அடிச்ச கவசம் குள்ளனுக்குத் தொளதொளன்னு தொங்கும்னு நான்தான் வேணாம்னேன். கரி சுட்டு, இரும்ப உருக்கி, ஒவ்வொருத்தனுக்கும் அளவா அடிச்சு மாட்டிவிட்டு ஒங்கிட்ட குடுத்தேன். நீ ஆடின ஒரே வருஷத்துல மொத்தப் படையும் சுருண்டு கெடக்கு.

— யாருப்பா செத்தது? நீங்க வேல பாக்குற குருண் கிலாங்லயா? வந்து உக்காந்ததுலேருந்து ரெண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு சாவப் பத்தியே பேசுறீங்க. கடைக்கு வர்றவங்க பயப்படப் போறாங்க.

— ஐயோ பிரேமாவதி அக்கா, நெசமா யாரும் சாவல. இது கேமு. மலைக்குள்ள குள்ளனுங்க கோட்ட கட்டி வாழுவானுங்க. கேம்ல ஒரு வருஷம் ரூபினி ஆடுவா, அப்புறம் பென்டிரைவ எங்கிட்ட குடுப்பா, அடுத்த வருஷம் நான். நடுவுல கோப்ளின்னு ஒரு பூதக் கூட்டம் வந்து அடிக்கும். அதுக்குத்தான் கவசம்.

— கிலாங்ல இருக்குற எல்லார் பேரையும் வச்சிருக்கோம்கா. கவசம் அடிக்கிற ஆசாரிக்கு என் பேரு. படைக்கு காப்டன் இவன். இந்தா, ஒத்தக் கால்ல பூட்ஸ் போட்டுக்கிட்டு விழுந்து கெடக்குறது எங்க சூப்பர்வைசர் மணியம்.

— நான் இருக்கனா?

— சமையக்காரி நீங்கதான். நீங்க தப்பிச்சிட்டீங்க.

— தப்பிக்காம? ரத்தத்தப் பாத்தா மொத ஆளா ஓடுறவ நான்தானே.

— திவாகரன், அக்காவ வச்சு பேச்ச மாத்தாத. கோப்ளின் வந்தப்ப... இரு, அம்மா கூப்புடுறாங்க. உள்ள லைன் கெடைக்காது, வெளிய நின்னு பேசிட்டு வந்துர்றேன். அதுக்குள்ள பொய் ஏதும் ஜோடிச்சு வைக்காத.

— போயிட்டாளா? தம்பி, அவகிட்ட சொல்லிட்டியா இல்லியா?

— எதக்கா?

— எதன்னு எனக்கே திருப்பிக் கேளு. ஒன் மூஞ்சியப் பாத்தா பீடோங் பாசார்ல மீன் விக்கிறவனுக்குக்கூடத் தெரியும். ஞாயித்துக்கெழம அந்தப் புள்ள ஜொகூருக்கு பஸ் ஏறுது. அங்க வேலையில சேந்துட்டா அப்புறம் தீபாவளிக்குத்தான் மொகத்தப் பாப்ப.

— அதாவது, பயமா இருக்குக்கா. முடியாதுன்னு சொல்லிட்டா இந்த கேமும் நின்னு போயிரும். இப்ப வாராவாரம் பக்கத்துல உக்காந்து திட்டாச்சும் வாங்குறேன்.

— அழுத புள்ளதான் பால் குடிக்கும். நீ திட்டு வாங்கிக்கிட்டே உக்காந்திரு, எவனாச்சும் ஜொகூர்க்காரன் வந்து பாலக் குடிச்சிட்டுப் போவான். பேசாம இரு, வருது.

— ம், இப்ப சொல்லு. கவசம் ஸ்டோர்லயும் இல்ல, கோட்ட கேட்டுகிட்டயும் இல்ல. எல்லாம் கோயில் வாசல்ல குமிஞ்சு கெடக்கு. ஏன்?

— கழட்டச் சொன்னேன்.

— எதுக்குடா?

— கோயிலுக்குள்ள போறவன் பூட்ஸோடயா போவான், நீயே சொல்லு. அதாவது, தனியா ஒரு உடுப்பு செட் பண்ணேன், வேட்டி சட்ட மாதிரி. ஹெல்மெட் இல்ல, பூட்ஸ் இல்ல.

— அது குள்ளனுங்க சாமி. அது பூட்ஸப் பாத்து கோவப்படுமா? என்ன சாமின்னாச்சும் தெரியுமா ஒனக்கு?

— எரிமல சாமி. எந்தச் சாமியா இருந்தா என்ன, மனசு கேக்கல. ஒருத்தன் பூட்ஸோட உள்ள நடந்தான், எங்கம்மா பின்னால நின்னு மொறைக்கிற மாதிரியே இருந்துச்சு.

— சரி, சண்டைக்கு ஆர்டர் குடுத்ததும் திரும்ப மாட்டிக்கிட்டு ஓடியிருக்கணுமே.

— மாட்டத்தான் போனானுங்க. இந்த கேம்ல பூட்ஸுக்கு ஜோடி கெடையாது, ஒத்த ஒத்தையாத்தான் எடுப்பானுங்க. எல்லாம் ஒரே குமியல். ஒண்ண இவன் எடுத்தா இன்னொண்ண வேற எவனோ தூக்கிட்டான். மணியம் அடுத்த கால் பூட்ஸத் தேடிக்கிட்டு வாசலையே சுத்திச் சுத்தி வர்றான். பின்னாடியே கோப்ளினும் சுத்தி வருது.

— தைப்பூசத்துல எனக்கு நடந்த அதே கததான் தம்பி. ஒரு கால்ல என் சிலிப்பரு, இன்னொரு கால்ல எவளோ குதி வச்சது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நொண்டிக்கிட்டே வந்தேன்.

— சிரிக்காதீங்கக்கா, எனக்கு வயிறு எரியுது. திவாகரன், பொய் சொல்லாம சொல்லு. காவலுக்கு ஒருத்தனக்கூட விடாம மொத்தப் படையையும் எதுக்குக் கோயிலுக்கு அனுப்புன? இந்த கேம்ல திருவிழா கெடையாதே.

— அதாவது... கல்யாணம்.

— யாருக்கு?

— ஆசாரிக்கு.

— என் ஆசாரிக்கா? என்னக் கேக்காமயா? மாப்பிள்ள யாரு?

— காப்டன்.

— நான் அடுப்ப அணைச்சிட்டேன்பா. இத நிம்மதியா நின்னு கேக்கணும்.

— ரூபினி, நான் சேத்து வைக்கல. இந்த கேம்ல நம்ம இஷ்டத்துக்குக் கட்டி வைக்க முடியாதுன்னு ஒனக்கே தெரியும். அதுங்களா பேசிப் பழகணும். ஒரு நா திடீர்னு செய்தி வந்துச்சு, ரெண்டும் கல்யாணம் பண்ணிக்கிச்சுன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கல்யாணம்னா நாலு பேரு வந்து நிக்க வேணாமா? எல்லா வேலையையும் நிறுத்திட்டு மொத்தக் கோட்டையையும் கோயிலுக்கு அனுப்புனேன். இரும்புச் சட்டையோட நின்னா கல்யாண வீடு மாதிரியா இருக்கும்?

— அதனால கோட்ட போச்சு.

— போச்சு. ஆசாரியும் காப்டனும் உள்ள சாமிகிட்ட நின்னதால தப்பிச்சாங்க. அக்காவும் இருக்காங்க.

— பொண்ணு மாப்பிள்ளைக்கு விருந்து போட ஆள் வேணும்ல.

— அக்கா, கொஞ்சம் இருங்க. இப்ப விட்டா எனக்குத் தைரியம் போயிரும். ரூபினி, கோட்ட போனதுக்கு நான் வருத்தப்படல. அந்தச் செய்தியப் பாத்தப்ப வந்த சந்தோஷம் எனக்கு அதுவரைக்கும் வந்ததே இல்ல. ஒன்ன எனக்கு ரொம்பப் புடிக்கும். ஜொகூருக்குப் போவாதன்னு சொல்லல. நல்ல வேல, போ. ஆனா பதில் எதுவா இருந்தாலும் சொல்லிட்டுப் போ.

— மொதல்ல நான் கேக்குறதுக்கு பதில் சொல்லு. ஆசாரி பட்டறைய விட்டு வெளிய வராது. காப்டன் கோட்ட கேட்ட விட்டு நவுர மாட்டான். ரெண்டு பேரும் எங்க பழகுனாங்க?

— அதான் எனக்கும் புரியல. நீ குடுத்த பென்டிரைவ போட்டுப் பாத்தப்பவே காப்டன் பட்டறைக்குள்ளதான் இருந்தான். சாப்பாடு, தண்ணி எல்லாம் உள்ளயே இருந்துச்சு. வேல இல்லாத நேரமெல்லாம் ரெண்டும் உக்காந்து பேச்சுதான். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சு. கேம்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சு நான்தான் தொறந்துவிட்டேன்.

— கோளாறு இல்லடா, மக்கு. பூட்டுனது நான்.