சிரிக்கக் கூடாத வேன்

அந்தக் காலையில் வீட்டில் இருந்தவர்கள்:

தமிழ்செல்வி: அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை நடத்துகிறவள். அன்று கடையை இன்னும் திறக்கவில்லை. தம்பியின் வேன் சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். அதை அவனிடம் கொடுப்பதாக இல்லை.

வேணு: அவள் கணவன். முன்னாள் லாரி டிரைவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

மாறன்: அவள் தம்பி. ஊர்ப் பிள்ளைகளைத் தன் வேனில் டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறவன். தை மாதம் ஃப்ளூ வந்து படுத்து எழுந்தான். அதற்குப் பிறகு, கண்ட நேரத்தில் தூங்குகிறான், சிரித்தால் விழுகிறான்.

மாறன்: குடுக்கா... மணி ஆவுது.

தமிழ்செல்வி: ஆவட்டும்.

மாறன்: பிள்ளைங்க ஸ்டாப்புல வந்து நிக்கும்.

தமிழ்செல்வி: நிக்கட்டும். உங்க மாமா போவாரு.

மாறன்: இவரா? இவரு ஓட்டுனா பிள்ளைங்க சாயங்காலம் பெல் அடிக்கறப்பதான் போய்ச் சேரும்.

வேணு: டேய் மச்சான், பதினாறு சக்கர லாரிய பம்பாய் வரைக்கும் ஓட்டுன கைடா இது.

மாறன்: முதலாளி அந்த லாரிய வித்ததே நீங்க ஓட்டுனதாலதான்.

வேணு: பாத்தியாடி... இவனுக்கு வாய் மட்டும் தூங்கவே மாட்டேங்குது.

தமிழ்செல்வி: ரெண்டு பேரும் நிறுத்துங்க. மாறா, சனிக்கிழமை வேலூர் டாக்டர் இன்னா சொன்னாரு?

மாறன்: நீயும்தான் பக்கத்துல உக்காந்திருந்த.

தமிழ்செல்வி: உன் வாயால சொல்லு.

மாறன்: மாத்திரை போடச் சொன்னாரு. மத்தியானம் கொஞ்ச நேரம் படுக்கச் சொன்னாரு.

தமிழ்செல்வி: அப்பறம்?

மாறன்: அவ்ளோதான்.

வேணு: தலையெல்லாம் ஒயர ஒட்டி, ராத்திரி பூரா படுக்க வச்சி டெஸ்ட் எடுத்தவரு, அவ்ளோதானா சொன்னாரு? நான் சொல்றேன் கேளு. ஃப்ளூ கிருமிய அடிக்க உன் உடம்பே அடியாள அனுப்புச்சாம். வந்தவனுங்க கிருமிய அடிச்சானுங்க. அப்படியே போற போக்குல, மூளையில உன்ன முழிப்பா வைக்கிற இடத்தையும் கிருமின்னு நெனச்சி அடிச்சிட்டுப் போயிட்டானுங்க. அப்படித்தான் இருக்கணும்னாரு.

மாறன்: இருக்கணும்னுதானே சொன்னாரு? கண்டிப்பான்னு சொன்னாரா?

தமிழ்செல்வி: வண்டி ஓட்டக் கூடாதுன்னு கண்டிப்பாதான் சொன்னாரு.

மாறன்: அது எல்லாருக்கும் சொல்றது.

தமிழ்செல்வி: எல்லாருக்குமா? வெளிய பல்லில்லாத ஆயா ஒண்ணு காத்துக்கினு இருந்துச்சே, அதுக்கும் சொன்னாரா?

மாறன்: அக்கா... தூக்கம் வருது. இல்லன்னு சொல்லல. சோத்துல கைய வச்சிக்கினே தூங்கறேன். உன் கடையில கிளாஸ் கழுவும்போது தூங்கறேன். ஆனா ஸ்டியரிங்கப் புடிச்சா வராது. ஒரு நாள்கூட வந்ததில்ல.

தமிழ்செல்வி: ஒரு நாள்கூட?

மாறன்: ஒரு நாள்கூட.

வேணு: ...ம்.

மாறன்: இன்னா மாமா, ம்?

வேணு: கொட்டாவிடா. நான் அதுகூட விடக் கூடாதா?

தமிழ்செல்வி: சரி, தூக்கத்த விடு. கால் மடங்குதே, அதுக்கு இன்னா பண்ணுவ? பிரேக்க மிதிக்கிற காலு அது.

மாறன்: சிரிச்சாதானே மடங்குது? வேன்ல நான் சிரிக்கறதே இல்ல.

தமிழ்செல்வி: நீ சிரிக்கறதில்ல. பிள்ளைங்க? "எவனாவது சிரிச்சா நடு ரோட்டுல எறக்கி விட்டுடுவேன்"னு சொல்லி வச்சிருக்கியாமே. கவிநிலா அவங்க அம்மாகிட்ட அழுதுச்சாம்.

மாறன்: ...ஒண்ணு ஆரம்பிச்சா எல்லாம் சேந்துக்கும். எனக்கும் ஒட்டிக்கும். அதான் சொன்னேன்.

வேணு: சாவு வண்டியிலகூட பின்னாடி நாலு பேரு சிரிச்சிக்கினுதான்டா வருவானுங்க.

மாறன்: மாமா, வேணாம்.

வேணு: இதுக்கேவா?

மாறன்: சரி, இப்படி வச்சிக்கலாம். மாமா அவருகிட்ட இருக்கறதுலயே பெரிய கதைய எடுத்து விடட்டும். சுவத்தக்கூட புடிக்காம நிக்கிறேன். விழலன்னா சாவியக் குடு.

தமிழ்செல்வி: விழுந்தா?

மாறன்: விழ மாட்டேன்.

தமிழ்செல்வி: விழுந்தா?

மாறன்: ...நீ சொல்றபடி கேக்கறேன்.

தமிழ்செல்வி: ஏங்க, அந்தப் பாய விரிங்க. தலகாணி ரெண்டும் போடுங்க.

மாறன்: எதுக்கு? அதான் விழ மாட்டேன்னு சொல்றேன் இல்ல?

தமிழ்செல்வி: நீ விழலன்னா உங்க மாமா படுத்துக்குவாரு. நீங்க சொல்லுங்க.

வேணு: திடீர்னு கேட்டா இன்னாத்த சொல்றது... போன பௌர்ணமிக்கு நான் கிரிவலம் போனேன் இல்ல?

மாறன்: பாதியிலயே திரும்பி வந்தீங்க.

வேணு: எதுக்குத் திரும்பினேன்னு தெரியுமா? குபேர லிங்கத்தாண்ட கால் வலிக்குதேன்னு ஒரு வேப்ப மரத்தடியில உக்காந்தேன். காவி வேட்டி. தலையில துண்டு. அப்படியே தூங்கிட்டேன்.

மாறன்: ம்.

வேணு: முழிச்சிப் பாத்தா, எதிர்ல நாலு வெள்ளக்காரங்க கண்ண மூடிக்கினு உக்காந்திருக்காங்க. நான் கொறட்ட விட்ட கணக்குக்கு அவங்களும் மூச்ச இழுத்து விட்டுக்கினு இருக்காங்க.

மாறன்: ...ம்.

தமிழ்செல்வி: பல்ல கடிக்கிறான்.

மாறன்: கடிக்கல. நல்லாதான் நிக்கிறேன்.

வேணு: முன்னாடி பாத்தா சில்லறை, வாழப்பழம், தயிர்சாதப் பொட்டலம். சரி, எழுந்து ஓடிடலாம்னா முடியல. வரிசையில அடுத்தது உங்க அம்மா! அவங்களுக்குத்தான் கண்ணு சரியா தெரியாதே... பத்து ரூபாய வச்சி, என் கால தொட்டு, "சாமி, என் மருமவனுக்கு நல்ல புத்தியக் குடு சாமி"ன்னு...

மாறன்: அய்யோ, மா...

தமிழ்செல்வி: புடிங்க! தலையப் புடிங்க, தலைய!

வேணு: புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன். கால நீட்டி விடு. மச்சான்... டேய்?

மாறன்: ...

தமிழ்செல்வி: பதறாதீங்க. மயக்கம் இல்ல இது. அவனுக்கு காது கேக்கும். வாயும் கையும்தான் கொஞ்ச நேரம் வராது. மாறா, கேக்குது இல்ல?

மாறன்: ...

தமிழ்செல்வி: நீ எதிர்த்துப் பேச முடியாதப்பதான் உன்கிட்ட பேசவே முடியுது. கேளு. வேன் உன்னுது. யாரும் புடுங்கிக்கல. மாத்திரை உடம்புக்குப் புடிக்கட்டும். இனிமே ஓட்டலாம்னு அந்த டாக்டர் சொல்லட்டும். அன்னிக்கு நானே சாவிய உன் கையில குடுக்கறேன். அதுவரைக்கும் அந்த சீட்டுல உன்ன உக்கார விட மாட்டேன். குடிச்சிட்டு விழறான்னு ஊரு பேசுது. பேசட்டும். நீ என்னத் திட்டு. என்கூட பேசாம இரு. சாவி கிடைக்காது.

மாறன்: ...

வேணு: கண்ணுல தண்ணி வருதுடி அவனுக்கு.

தமிழ்செல்வி: சிரிச்ச தண்ணி அது.

மாறன்: ...ல்ல.

வேணு: வந்துடுச்சி, வாய் வந்துடுச்சி!

மாறன்: அம்மா... நெஜமா காசு வச்சாங்களா மாமா?

வேணு: வச்சாங்கடா. கல்யாணத்துல எனக்குச் செய்யாதத அன்னிக்குத்தான் செஞ்சாங்க.

தமிழ்செல்வி: திரும்ப ஆரம்பிக்காதீங்க! இந்தாங்க சாவி. கிளம்புங்க.

மாறன்: மாமா... மூணாவது கியரு கொஞ்சம் இறுக்கமா இருக்கும். அழுத்திப் போடணும். கவிநிலாவ ஜன்னல் ஓரம் விடாதீங்க, கைய வெளிய நீட்டும்.

வேணு: சரிடா.

மாறன்: அப்பறம்... சிரிக்கலாம்னு சொல்லிடுங்க.

வேணு: நான் கியரு போடறதப் பாத்தாலே அதுங்க சிரிக்கும். வரேன் மச்சான்.

தமிழ்செல்வி: நானும் போய் கடையத் திறக்கறேன். நீ அப்படியே படு.

மாறன்: அக்கா, கதவ வெளியில பூட்டிக்கினு போ.

தமிழ்செல்வி: எதுக்கு?

மாறன்: வேன் சத்தம் கேட்டா எழுந்து ஓடி வந்துடுவேன். என்ன எனக்குத் தெரியும். பூட்டு.

தமிழ்செல்வி: ...பின்பக்கக் கதவு?

மாறன்: அதையும்தான்.

தமிழ்செல்வி: சரி. மாத்திரையும் தண்ணியும் தலமாட்டுல இருக்குது. அடுப்பாண்ட போவாத. கூட்டம் கம்மியானதும் வந்து திறக்கறேன்.

மாறன்: பூட்டிட்டியா?

தமிழ்செல்வி: பூட்டிட்டேன். இழுத்தும் பாத்துட்டேன்.

மாறன்: அக்கா... போயிட்டியா?

தமிழ்செல்வி: இங்கதான் நிக்கிறேன். சொல்லு.

மாறன்: வெள்ளிக்கிழமை தூங்கிட்டேன்க்கா. வாயு லிங்கம் தாண்டி, அந்த வளைவுல. எல்லாப் பிள்ளைங்களும் வேன்ல இருந்துச்சிங்க. வண்டி ரோட்ட விட்டே எறங்கிடுச்சி... எவனோ ஹெல்மெட் போட்டவன் பைக்குல பக்கத்துல வந்து ஹாரன அழுத்திக்கினே இருந்தான். அதுலதான் முழிச்சேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள போயிட்டான். யாருன்னுகூட தெரியல.

தமிழ்செல்வி: உங்க மாமாதான். பள்ளிக்கூடம் திறந்ததுலேருந்து தெனம் உன் வேன் பின்னாடியேதான் வந்துக்கினு இருக்காரு. உனக்கு அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான் ஹெல்மெட்டே வாங்குனாரு.