மாமன் ஏறாத வேன்

சேலத்திலிருந்து எடப்பாடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கணவனும் மனைவியும். அவள் மடியில் தூங்கிய குழந்தையின் காதில் இன்னும் மஞ்சள் காயவில்லை.

“பேசாம அந்த வேன் டிவி மடியிலயே புள்ளைய உக்கார வெச்சுக் காது குத்தியிருக்கலாமுங்க.”

“மெதுவாப் பேசு அம்மிணி.”

“எதுக்கு மெதுவா? நான் புள்ளையத் தூக்கிட்டு முன்னாடியே கோயிலுக்குப் போயிட்டேன். எங்கண்ணன வேன்ல கூட்டிட்டு வாங்கன்னு உங்களத்தானுங்க நம்புனேன். நடுவழியில டீ குடிக்க எறங்குன மனுசன் திரும்பி ஏறுனாரான்னுகூடவா பாக்க மாட்டீங்க?”

“பின் சீட்டுல இருக்காருன்னு நெனச்சேன்.”

“நெனப்பீங்க. எங்கண்ணன் டீக்கடைக்காரரு போன வாங்கி எத்தன தடவ உங்களக் கூப்புட்டாரு! நீங்க ஆசையா வேனுக்குள்ள மாட்டுன டிவியில படம் ஓடற சத்தத்துல, ஒருத்தர் காதுலயும் உழுகல. தோடு அவரு சட்டப் பாக்கெட்டுல. தாய்மாமன் ரோட்டுல நிக்கறாரு, இங்க நல்ல நேரம் போயிருமுன்னு எம்புள்ள உங்க பங்காளி மடியில உக்காந்து வெறுங்கம்பி மாட்டிக்குது!”

“அதான் மன்னிப்புக் கேக்கப் போறமே. வேன்லயே போயிருக்கலாம்.”

“அந்த வேனு எங்கண்ணன் வாசல்ல வந்து நிக்கக்கூடாதுங்க.”

கண்டக்டர் பஸ் டிவியைப் போட்டார். படத்தில் ஒரு பெண் ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். கணவனின் முகம் தானாக மேலே போனது.

“சரி உடு, அழுவாத” என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

“நான் அழுவலீங்க” என்றாள் அவள். “அழுவறது டிவியில இருக்கறவ.”