இனி எல்லாம் சாப்பிடலாம்

இல்ல மேடம், எங்க வீட்டுக்காரரு இங்க வர மாட்டாரு. உள்ள டயாலிசிஸ் மெஷின்ல போட்டிருக்காங்க. முடியுற வரைக்கும் கட்டில விட்டு எந்திரிக்க முடியாதுல்ல, அதான் தைரியமா வந்தேன். உக்காரட்டுமா? மேசையில நீங்க அளவு காட்ட வச்சிருக்கற இந்த ரப்பர் முட்டை, ரப்பர் மீன் எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கறேன், மடியில பை கனக்குது.

ஆமா, ரத்தத்துல புரோட்டீன் இன்னும் எறங்கிடுச்சாம். டயட் மேடத்தப் பாத்துட்டு வாங்கன்னு நர்ஸ் அனுப்புனாங்க. கால் வேற வீங்கியிருக்கு. கையப் பாத்தீங்கன்னா கண்ணீர் வந்துடும். லிஃப்ட் மெக்கானிக் மேடம் அவரு. ஒத்த ஆளா மோட்டாரத் தூக்கி வைக்கிற கை. இப்ப வாட்ச் கட்டினா முழங்கை வரைக்கும் ஓடிப் போய்ட்டு வருது.

வேணாம் வேணாம், நீங்க மொதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. நானே சொல்றேன், சரியான்னு பாருங்க. மெஷினுக்கு வர்றதுக்கு முன்னாடி புரோட்டீன் ஜாஸ்தியானா கிட்னிக்குச் சுமை, அதனால கொறைக்கச் சொன்னீங்க. இப்ப மெஷின் அழுக்க எடுக்கறப்போ கூடவே சத்தையும் கொஞ்சம் இழுத்துட்டுப் போயிடுது, அதனால கூட்டச் சொல்றீங்க. வெளியிலேர்ந்து வரலேன்னா உடம்பு தன் சதையையே கரைச்சுத் திங்கும். சரிதானே? பாத்தீங்களா. பரீட்சை வச்சா நான் பாஸ்.

பின்ன, நாலு வருஷம் அவரு தட்டுக்கு நான்தானே காவல்? என்னைய இன்ஸ்பெக்டர்னுதான் கூப்பிடுவாரு. ஃபோன்லயும் என் நம்பருக்கு அதான் பேரு. கறின்னா ஒரு தீப்பெட்டி அளவு, அதுவும் தராசுல போட்டு. ஒரு விருந்துல யாரோ பாசமா ரெண்டு துண்டு சேத்து வச்சுட்டாங்க. அத்தன பேருக்கு நடுவுல அவரு தட்டுல கைய விட்டு எடுத்தேன் நான். வச்சவங்க மூஞ்சிய நீங்க பாக்கணுமே! இன்னொரு நாள் மோட்டார் ரூம்ல ஒளிஞ்சு அவிச்ச முட்டை தின்னுட்டு, நல்லா வாயக் கொப்பளிச்சுட்டு வந்து நிக்கறாரு. சட்டைப் பையில முட்ட ஓடு. திருடவும் தெரியாது அந்த மனுசனுக்கு.

அப்படிப்பட்டவரு ஏன் சாப்பிட மாட்டேங்கறாருன்னுதானே கேக்கறீங்க? மெஷின்ல போட ஆரம்பிச்ச அன்னைக்குப் பெரிய டாக்டர் சிரிச்சுக்கிட்டே தோள்ல தட்டி, இனி முட்டை, மீன், கோழி எல்லாம் சாப்பிடலாம், நல்லா சாப்பிடுங்கன்னாரு. தங்கமான மனுசன், நான் குத்தம் சொல்லல. ஆனா அந்த வார்த்தைய எங்க வீடு முன்னாடியே ஒரு தடவ கேட்டிருக்கு மேடம்.

இவரோட அண்ணன். ஈரல் போயிடுச்சு அவருக்கு. அது வேற ஆஸ்பத்திரி, வேற டாக்டர். ஆசப்பட்டதெல்லாம் குடுங்கன்னாரு. அண்ணன் அத நல்ல சேதின்னு எடுத்துக்கிட்டாரு. பாக்க வந்தவங்ககிட்ட எல்லாம், பத்தியம் எடுத்துட்டாங்க, பத்தியம் எடுத்துட்டாங்கன்னு ஒரே சந்தோஷம். வெளுத்துக் கட்டினாரு. நாங்க சுத்தி நின்னு பரிமாறினோம். இவருதான் மீனுக்கு முள்ளு எடுத்துக் குடுத்தாரு. அடுத்த வாரம் ஆளு இல்ல.

இப்ப இவரையும் எல்லாம் சாப்பிடச் சொல்லிட்டாங்கன்னு சொந்தத்துல பரவுதா, மொத ஆளா அந்த அண்ணன் சம்சாரம் வறுத்த மீனோட வந்துட்டாங்க. வாசல்லயே அழுக. ஏன்க்கா அழறீங்கன்னா, ஒண்ணும் இல்ல, சூடு ஆறிடும், தம்பிக்குக் குடுங்கறாங்க. பின்னாலயே நாத்தனார், கோழியோட. வீட்டுத் தகராறுல பல வருஷம் பேச்சு வார்த்தையே இல்லாதவ மேடம் அவ. வந்து இவரு கன்னத்தத் தடவித் தடவி ஊட்டப் போறா. சாப்பாடு கொண்டு வர்றவங்க கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியோட வந்தாத்தான் என்ன?

இவரு மீனப் பாத்தாரு, அவங்களப் பாத்தாரு, கடைசியா என்னப் பாத்தாரு. இன்ஸ்பெக்டர், நீ ஏன் பிடுங்கல அப்படின்னாரு.

நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

அன்னைக்குத் தட்டத் தள்ளி வச்சுட்டாரு. எனக்குப் பழைய அளவே போதும், அத மட்டும் வைன்னாரு. நான் மெஷின் கதையெல்லாம் சொன்னேன், இப்ப உங்ககிட்ட ஒப்பிச்ச மாதிரியே. பொறுமையாத்தான் கேட்டாரு. அண்ணன்கிட்டயும் நல்லாத்தான்டி பேசினாங்கன்னாரு.

அதனால நீங்க ஒண்ணு பண்ணுங்க. உள்ள வந்து அவர நல்லா அதட்டுங்க. வேளைக்கு ரெண்டு முட்ட வெள்ளக் கரு, அதுக்கு மேல ஒரு வாய் தின்னா தொலைச்சிடுவேன்னு சொல்லுங்க. யாராவது கூடாதுன்னு சொன்னாத்தான் தன்ன இன்னும் காப்பாத்தப் பாக்கறாங்கன்னு அவருக்குத் தோணும். பொய் சொல்ல வேணாம் மேடம், கொரல மட்டும் கொஞ்சம் ஒசத்துங்க.

வர்றீங்களா? இப்பவேவா? இல்ல, இருங்க, உக்காருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.

என்ன கேட்டீங்க? எத்தன வேளை வச்சு எத்தன வேளை ஒதுக்கினாருன்னா? எழுதணுமா அத?

ஒதுக்கினது அந்த மொத நாள் மட்டுந்தான். மறுநாள் காலையில அவரே வந்தாரு. சரி வை, தின்னு பாக்கறேன், நீ சொல்றல்லன்னாரு. நான்தான் முட்ட தீந்து போச்சுன்னுட்டேன். அதுக்கப்புறம் கேட்டப்ப கடை பூட்டியிருக்குன்னேன். ஃபிரிட்ஜ்ல ஒரு அட்டை நெறைய இருக்கு மேடம். தெனமும் அவிக்கறேன். உரிக்கறேன், மஞ்சக் கருவ எடுத்துட்டு வெள்ளைய மட்டும் தனியா வைக்கறேன். தட்டுக்கிட்ட வரைக்கும் கொண்டு போறேன்.

வைக்க முடியல.