எட்டு கிளிக்

“அந்தப் புலி அங்கேயே செத்து விழுந்திருக்கணும்,” என்றார் பட்டர்வொர்த் ஃபெரியில் என் முன்னால் உட்கார்ந்திருந்தவர். காட்டிலாகாச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கணக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“நான் சுடறப்போ கை நடுங்கலை. ஆனா நெஞ்சு ஓரமாத்தான் பட்டுச்சு. இப்போ காயத்தோட தோட்டத்துப் புதர்ல கிடக்கு.”

“துப்பாக்கிய முன்னாடியே சரி பார்க்கலையா?” என்றார் மனைவி, தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

“பார்த்தேன் லா. ஐம்பது கஜத்துல சுட்டா குண்டு ரெண்டு இன்ச் இடது பக்கம் போச்சு. குறி பார்க்கிற ஸ்கோப்போட திருகை ஒரு கிளிக் திருப்பினா குண்டு கால் இன்ச் நகரும். ஸ்கோப்பை எட்டு கிளிக் திருப்பினேன்.”

“கால் இன்ச் எத்தனை கஜத்துக்கு?”

“நூறு கஜத்துக்குன்னு பெட்டியில போட்டிருக்கு.”

பேனா நின்றது. “கிளிக் திருப்புறது கோணத்தை. தூரம் பாதியானா நகர்றதும் பாதிதான். நீங்க பதினாறு திருப்பியிருக்கணும். புலி எவ்வளவு தூரத்துல நின்னுச்சு?”

“நூத்தைம்பது.”

“அப்போ ஐம்பதுல சரியாகாம மிஞ்சின ஒரு இன்ச், அங்கே மூணு இன்ச்சாத் தள்ளிப் போயிருக்கும்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அதே துப்பாக்கியோட எங்க ஆபீஸ் ஸ்டீபன் மூணு மணிக்கு அந்தப் புலியைத் தேடிப் புதருக்குள்ள போறான்.”

ஃபெரி கரை சேர்ந்து கதவு திறந்ததும் அவர் பொதுத் தொலைபேசிக்கு ஓடினார். என் வழியும் அதுதான்.

“ஸ்டீபன் கிளம்பிட்டானா?” என்று கேட்டுவிட்டு ரிசீவரை வெகுநேரம் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஸ்டீபன்? தம்பி, லாரியில ஏறாதே. நான் சொல்றத முதல்ல கேளு.”