வினாடிக்குப் பதினாறு

உங்கள் அறையில் ஈரம் கொஞ்சம் அதிகம், ஐயா. மூலையில் அடுக்கியிருக்கிற அந்தக் காகிதக் கட்டுகளைச் சுவரை விட்டு ஒரு கை தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டு மழைக்குத் தாங்காது. முப்பத்தோரு வருஷம் படக் காப்பகத்தில் வேலை பார்த்தவன், எங்கே போனாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

என் வேலை பழைய படச்சுருள்களைப் பழுது பார்ப்பது. கிழிந்ததை ஒட்டுவேன், பூஞ்சையைத் துடைப்பேன், சுருங்கியதை நீவி எடுப்பேன், கடைசியில் புதுச் சுருளில் பிரதி எடுப்பேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு பழைய கொட்டகையை இடித்தபோது கிடைத்ததென்று ஆறு டப்பாக்கள் வந்தன. ஊமைப் படம். நான்கைத் திறந்தால் பழுப்புத் தூள். மூக்கைப் பொத்திக்கொண்டு மூடிவிட்டோம். இரண்டாவது சுருளும் மூன்றாவது சுருளும் மட்டும் பிழைத்திருந்தன. அந்த இரண்டில்தான் கதாநாயகியாக அந்த அம்மா இருந்தார். டப்பாவோடு வந்த விளம்பரத் தாளில் ‘சிட்டு’ என்று போட்டிருந்தது. ஆள் சின்ன உருவம், அதனால் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கேமராவுக்கு மோட்டார் கிடையாது. கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்றுவார். ஒருவர் கை வினாடிக்குப் பதினாறு படம் பிடிக்கும், இன்னொருவர் கை இருபத்து நான்கு பிடிக்கும். பிடித்த வேகத்திலேயே ஓட்டினால்தான் திரையில் மனிதர்கள் மனிதர்களாக நடப்பார்கள். குறைத்து ஓட்டினால் இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல் நடப்பார்கள். எந்த வேகம் என்று சுருளில் எழுதியிருக்காது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், ஊமைப் படமென்றால் கண்ணை மூடிக்கொண்டு பதினாறு என்று சொல்லியிருந்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டு பதினாறில் பிரதி எடுத்தேன்.

மூன்றாவது சுருளின் கடைசியில் ஒரு காட்சி வரும். அந்த அம்மா ஒரு கடிதத்தைப் படிக்கிறார். மாமனார் வரப்போகிறார் என்று கடிதம். அதை மடிக்கிறார், நாற்காலியில் உட்காருகிறார். பிறகு எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை. நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். அத்தோடு சுருள் முடிந்துவிடும். அந்தப் பார்வை பன்னிரண்டு வினாடி. இமைகூட நிதானமாக மூடி நிதானமாகத் திறக்கும். முதல் முறை பார்த்தபோது நான் அழுதேன். என்னைப் பெற்றவள் செத்தபோது அழாதவன் நான்.

அது என்னோடு நிற்கவில்லை. ஒரு பேராசிரியை அந்தப் பன்னிரண்டு வினாடியைப் பற்றி நானூறு பக்கம் எழுதினார். வீடு என்ற நாற்காலியிலிருந்து எழ முடியாத பெண்களின் முகம் அது என்றார். நடிப்புப் பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள். அந்த அம்மா இருபத்தைந்து வயதில் நோயில் இறந்துபோனதாக யாரோ எழுத, எல்லோரும் அதையே எடுத்து எழுதினார்கள். புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் காப்பகத்துக்குக் கடிதம் போட்டிருந்தாள். சாகலாம் என்றிருந்தவள், இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனாளாம். அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி கிண்டல் செய்வாள். “உங்களுக்கு அவதான் சரி. வாயே தொறக்க மாட்டா” என்பாள். நான் கோபித்துக்கொண்டதில்லை, அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

இந்த வருஷம் காப்பகத்தில் புதிதாக ஒரு திரையரங்கு கட்டி, அந்த அம்மாவின் பெயரை வைப்பதென்று முடிவானது. அதையொட்டி அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். நான்காம் நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தையல்காரம்மா. படத்தில் இருப்பது தன் அத்தை, அப்பாவின் அக்கா, எண்பத்தாறு வயதில் தன்னோடுதான் இருக்கிறார், பார்க்க வர முடியுமா என்று கேட்டிருந்தார். கடிதத்தை மேலதிகாரியிடம் காட்டவில்லை. பொய்யாக இருந்தால் அவருக்கு எதற்குத் தலைவலி என்றுதான்.

சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. ஒரு பக்கம் தையல் இயந்திரம், ஜன்னலோரம் இஸ்திரி மேசை, எதிர்ச் சுவரோரம் கட்டில். கட்டிலில் அவர் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. கையை மட்டும் நான் பார்க்காமல் இருந்தேன். ஊசி போய் வருவது கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு வேகம்.

பேசும் படம் வந்ததும் வேலை போய்விட்டதாம். குரல் நன்றாகத்தான் இருந்ததாம், ஆனால் மைக்குக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்கச் சொன்னார்களாம், அவருக்கு நிற்க வராதாம். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஒரு தையல் கடையில் பொத்தான் வைத்திருக்கிறார். இதையெல்லாம் யாருக்கோ நடந்ததுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

“தம்பி, அதப் பாத்து யாருமே சிரிக்கலையா?”

அழுகிறார்கள் என்று சொன்னேன்.

“அழுறாங்களா? அந்த நாற்காலிக்கு அப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு, தம்பி. பாவாடை ஒட்டிக்கிச்சு. மாமனார் வாசல்ல வந்து நிக்கிறாரு, எந்திரிக்க முடியல. அடுத்த சுருள்ல நாற்காலியோடயே ஓடிப்போய்க் கதவத் தொறப்பேன்.”

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த சுருள் அவரிடமே இருந்தது. கேமராக்காரர் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாராம். இஸ்திரி மேசைக்குக் கீழ்த் தட்டில் டப்பாவை வைத்திருந்தார்கள். திறந்தேன், நல்ல நிலையில் இருந்தது. மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘கொட்டகைக்காரருக்கு: வினாடிக்கு இருபத்து நான்கு. குறைத்து ஓட்டினால் இந்தப் பெண்ணின் பிழைப்பு போய்விடும்.’

அந்தக் காலத்துச் சுருள் வெடிமருந்துக்குத் தம்பி, ஐயா. சூடு பட்டால் பற்றிக்கொள்ளும், பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது என்று எடுத்துச் சொல்லி, டப்பாவை நானே எதிர்மூலைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அது என் கடமை. தையல்காரம்மா அதை உங்களிடம் சொல்லியிருப்பார்.

அன்று மாலை காப்பகத்தில் எல்லோரும் போன பிறகு, மூன்றாவது சுருளை இருபத்து நான்கில் ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வினாடி எட்டாகிவிட்டது. கடிதத்தைச் சட்டென்று மடித்தார், பொத்தென்று உட்கார்ந்தார், எழப்போனார், மாட்டிக்கொண்டார், திருட்டு முழி முழித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, வேகத்தைப் பழையபடி பதினாறில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பிழை என்னுடையது என்பதை நான் மறைக்கவில்லை. என் பெயர் போய்விடும் என்று பயந்தேனா என்று நேற்று கேட்டீர்கள். எனக்கு ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம், என் பெயர் யாருக்குத் தெரியும்? நான் யோசித்தது அந்த அம்மாவைப் பற்றி. முப்பது வருஷமாக உலகம் கையெடுத்துக் கும்பிடுகிற ஒரு முகம். அதைப் பாவாடை ஒட்டிக்கொண்ட கோமாளியாக்க அவருக்கே உரிமை உண்டா? உண்டு என்று நீங்கள் சொல்லலாம். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது, ஐயா. ஒரே வாரத்தில் பேராசிரியையிலிருந்து அந்தக் கடிதம் எழுதிய பெண் வரைக்கும் எல்லோரும் நகைப்புக்கு இடமாவார்கள். அந்தப் பெண் எதை நம்பி வீட்டுக்குத் திரும்பினாள் என்று நினைக்கிறீர்கள்?

திறப்பு விழாவுக்கு வந்தே தீருவேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். அந்த நான்காவது சுருளைச் சரியான வேகத்தில் போட்டுக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் கேட்டார். திங்கட்கிழமை தையல்காரம்மா பத்திரிகை அலுவலகத்துக்குப் போவதாக இருந்தது. நான் சனிக்கிழமை மத்தியானம் மறுபடி போனேன். சுருளைப் பிரதி எடுத்துத் தருகிறேன், கொடுங்கள் என்று தன்மையாகக் கேட்டேன். அந்த அம்மா விவரமானவர்.

“குடுத்தா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுவீங்க. டப்பா போனாலும் வாய் இங்கதான தம்பி இருக்கு” என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னது சரி.

தையல்காரம்மா தைத்த துணிகளைக் கொடுத்துவரக் கிளம்பினார். முக்கால் மணி நேரம் அத்தையைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். கீழே டீ குடிக்கப் போனால் வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போகச் சொன்னார், அத்தை தனியாகப் படியிறங்கி விழுந்துவிடுவாராம். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். படப்பிடிப்பில் கேமரா சத்தம் தவிர எதையும் கேட்டதில்லை என்றார். கொட்டகைக்குப் போய்ப் பார்க்கப் படக் கம்பெனி முதலாளி விடமாட்டாராம், முகம் மலிந்துவிடுமாம்.

“ஜனங்க சிரிக்கிறத ஒரு தடவ காதால கேட்டுட்டாப் போதும், தம்பி. அப்புறம் போய்ச் சேந்துடுவேன்” என்றார். சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தார்.

வெயில் முகத்தில் அடித்ததால் ஜன்னலைச் சாத்தினேன். மூலையிலிருந்த டப்பாவை எடுத்து இஸ்திரி மேசைமேல் வைத்தேன். மூடியைத் திறந்தேன். இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டுக்குத் திருப்பி, பெட்டியின் முகம் சுருளில் படும்படி சாய்த்து வைத்தேன். அவருக்குப் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டேன். வெளியே வந்து கொண்டியைப் போட்டேன். கொண்டி விஷயத்தில் தையல்காரம்மா சொன்னதைத்தான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் நடைபாதையில் நின்றேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை. முதலில் மஞ்சள் புகை வந்தது, பிறகு சத்தம். சைக்கிள் கடைக்காரர் வெளியே ஓடிவந்து, அந்த அம்மா மேலே இருக்கிறாரா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னை நம்பி, ஏறப்போன படியிலிருந்து இறங்கி, வாளியைத் தேடிக்கொண்டு போனார்.

பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும், ஐயா. ஜன்னலை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ இரண்டு கைகளாலும் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் எனக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷம் அந்த அம்மாவை ஒவ்வொரு படமாகப் பார்த்தவன் நான். அவர் அத்தனை வேகமாக அசைய மாட்டார்.