பரஞ்சோதி மாமாவுக்குப் போட்ட சுருக்கம்

நான் இத இருவது வருசமா நம்புனதே இல்லைங்க டீச்சர். நம்பாமலே பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத் திரியறேன், அதான் எங்கிட்ட உள்ள கோளாறு. ஒங்க மடியில அந்த ஸ்னோ டப்பாவப் பாத்தேனா… சுருக்கம் வராம இருக்கத்தானே? நல்லதுதான் லா. ஆனா எங்க பரஞ்சோதி மாமாவுக்குச் சுருக்கம் வரலன்னுதான் உசுரே போகப் பாத்துச்சு. யான் ஊரு போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு, இந்த பஸ்ஸு எங்க ஓடுது, கேளுங்க.

மாமா ரப்பர் எஸ்டேட்டுல பால் எடுக்க மரம் சீவுறவரு. வயசு நாப்பத்தஞ்சு, பாத்தா முப்பதுன்னுவாங்க. மொகத்த அப்படி வச்சிருந்தாரு. தொப்பி இல்லாம வெயில்ல நிக்க மாட்டாரு. பக்கத்து மலாய்க்காரம்மாகிட்ட அரிசிமாவு வில்லை வாங்கி, கரைச்சுப் பூசிக்கிட்டுத்தான் படுப்பாரு. நெத்தியில கோடு விழும்னு கோவப்பட மாட்டாரு. கன்னம் மடியும்னு வாய்விட்டுச் சிரிக்க மாட்டாரு. ஜப்பான்காரன் வந்து, ஊரே மரவள்ளிக்கெழங்கத் தின்னப்போ, இவரு மொகம் கழுவ அரிசி கழுவுன தண்ணி கேட்டாருங்க. கெழங்கு கழுவுன தண்ணிதான் இருக்குன்னாங்க பாப்பம்மா அத்தை. அதுலயும் கழுவுனாரு.

அத்தை அவரு சம்சாரம். ஏழு வயசு சின்னவங்க, ஆனா அடுப்புப் புகையும் வெயிலும் மொகத்த வாட்டிருச்சு. ஒருநாள் பெண்டாங் சந்தையில கருவாட்டுக்காரன், மாமாவக் காட்டி, மகனையும் கூட்டியாந்தீங்களாம்மான்னு கேட்டுட்டான். மூணு நாள் வீட்டுல அடுப்பு எரியல.

அப்பத்தான் ஜப்பான்காரன் சயாம் காட்டுல ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரி வருதுன்னு சேதி. போனவன் ஒருத்தனும் திரும்பல. வயசுக்குக் காயிதம் யாருகிட்ட இருந்துச்சு? மொகத்தப் பாப்பான், கெழடுன்னா தள்ளுவான், இல்லன்னா ஏத்துவான். மாமா அழுதாரு. அழுதா கண்ணோரம் சுருங்கும்னு பாதியில நிறுத்திட்டாரு… சிரிங்க, சிரிங்க, நானும் சிரிச்சவன்தான்.

அத்தைதான் வழி கண்டுபிடிச்சாங்க. மரத்துப் பால் கையில பட்டுக் காஞ்சா தோலச் சுருட்டுமே, பாத்திருக்கீங்களா? மாமாவ ஒக்கார வச்சு, கன்னத்த இழுத்துப் பிடிச்சு, கோழி எறகால பாலத் தடவி, விசிறிக் காயவச்சுட்டு விட்டாங்க. அவ்வளவுதான், மொகம் வெயில்ல போட்ட பாவக்கா மாதிரி ஆயிருச்சு. மேல கொஞ்சம் சாம்பல். மொத நாள் புருவத்துல எண்ணெ தடவ மறந்து, உரிக்கும்போது பாதிப் புருவம் கையோட வந்துருச்சு. நானே என் கையில போட்டுப் பாத்தேங்க, எழுவது வயசுக் கை மாதிரி ஆயிருச்சு. அதனால கதையில அந்தப் பாதிய நான் நம்புறேன்.

லாரி வந்துச்சு. அத்தை மாமாவக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. ஜப்பான்காரன் ஒரு பார்வை பாத்துட்டுத் தள்ளச் சொன்னான். லாரியோட பேரெழுத வந்த கிராணி வெளியூரு. அவன் அத்தைகிட்ட, "ஒங்கப்பாவாம்மா?"ன்னு கேட்டான்.

"எம் புருசன்"னாங்க அத்தை, அம்புட்டு சனத்துக்கும் கேக்குற மாதிரி.

பின்னால எங்கிட்ட இதச் சொல்லும்போது அத்தை மொகத்தப் பாக்கணும் நீங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட அவ்வளவு சந்தோசமா இருந்திருக்க மாட்டாங்க.

இன்னும் ரெண்டு தடவ லாரி வந்துச்சு, அப்புறம் அடியோட நின்னுபோச்சு. ஆனா அத்தைக்கு நிறுத்த மனசு வரல. பக்கத்து எஸ்டேட்டுல இன்னும் பிடிக்கிறானாம்னு சொல்லிச் சொல்லி, ஜப்பான்காரன் ஊர விட்டுப் போற வரைக்கும், ரெண்டு வருசம் தெனம் தடவியிருக்காங்க. கோயிலுக்கு, சந்தைக்கு, எங்க போனாலும் ரெண்டு பேரும் சோடியா. சாயங்காலம் உரிச்சா உள்ள மொகம் மினுமினுன்னு இருக்குமாம். மாமா கண்ணாடியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாராம். ஒங்க மாமன நல்லா ஏமாத்துனேன்டான்னு அத்தை என் தொடையிலயே அடிச்சுச் சிரிச்சாங்க.

இங்கதாங்க எனக்கு இடிச்சுது. அப்ப நான் சின்னப் பையன், அலோர் ஸ்டார்ல இருந்தேன், கண்ணால பாக்கல. ஆனா லயத்துல வரிசையா ஒட்டுன வீடு, அறுவது குடும்பம். லாரி நின்ன சேதிய ஒரு வாய் கூடவா அவருகிட்டச் சொல்லியிருக்காது? மாமா இருந்தப்பவே கேட்டிருக்கலாம். கேக்கல. நாம என்னத்துக்குக் கேக்கணும்னு, அவரு ஏமாந்த கதையவே அவரு சாவு வீட்டுலயும் சொல்லிச் சிரிக்க வச்சேன்… அது சரியான்னு இப்ப ராத்திரில தூக்கம் வரல.

என்னது, அடுத்த ஸ்டாப்புல எறங்கணுமா? யான் ஊருக்குன்னு சொன்னீங்களே? சரி சரி, டப்பாவ எடுத்துக்குங்க, முடிச்சிர்றேன்.

போன ஞாயித்துக்கெழம அத்தையப் பாக்கப் போனேன். நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல ஒக்காந்து நானும் கிள்ளுனேன். பேச்சோட பேச்சா, நீங்க எஸ்டேட்டுல என்ன வேலை பாத்தீங்கன்னு விசாரிச்சேன். புல்லு வெட்டு மட்டுந்தானாம், கத்தி பிடிச்சு ஒரு மரங்கூடச் சீவுனதில்லையாம். நாள்பட்ட பால் கட்டியாயிரும், தடவ ஆகாது, தெனம் புதுசு வேணும்னும் அவங்களேதான் சொன்னாங்க. அப்பத்தான் வாயத் தொறந்து கேட்டேங்க:

"அப்ப அந்த ரெண்டு வருசமும் விடியக்கால மரத்துக்குப் போயி, பாலச் சீவிக் கொண்டாந்து, ஒங்க முன்னால மொகத்த நீட்டிக்கிட்டு ஒக்காந்தது யாரு அத்தே?"