பத்துக் குறிப்பு முறை

ஐயா, பிரிக்பீல்ட்ஸில் பிற்பகல் மழை தொடங்கினால் காகிதம் ஈரமேறிச் சிவப்பு மை பரவிவிடும். ஆகையால் விடைத்தாள்களை நான் முற்பகலிலேயே திருத்துவது வழக்கம்.

முப்பத்தோராம் வயதில், இரயில்வே பட்டறையில் சுத்தியல் பிடித்த கையால் அகரம் எழுதப் பழகியவன் நான். ஆறே ஆண்டுகளில் ஆசிரியர் பயிற்சி வகுப்பின் தலைவர் தம்புசாமி அவர்களுக்குத் திருத்துநர் ஆனேன். தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் தத்தம் தோட்டத்திலேயே தேர்வெழுதுவர். தாள்கள் அரக்கு முத்திரையுடன் எங்களிடம் வந்துசேரும்.

"நாப்பது தாளு, மாரிஸ். அர்த்தம் பாத்துத் திருத்தறதுக்குள்ள என் கண்ணே அவிஞ்சு போகுது," என்று அவர் சலித்துக்கொள்வார்.

நான் ஒரு முறையை வகுத்தேன். மாதிரி விடையைப் பத்துக் குறிப்புகளாகப் பிரித்தேன்; தாளில் காணப்படும் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு மதிப்பெண். நான்கு நாள் வேலை ஒரே முற்பகலில் முடிந்தது.

"மனுசனா மிஷினாய்யா நீ?" என்று அவர் சிரித்தார். "விசேஷமா ஏதும் இருந்தா மட்டும் காட்டு. அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா, மறுபடி எல்லாத்தையும் நானே படிக்க வேண்டியதுதான்."

அவ்வாண்டுத் தலைப்பு, 'கிணற்று நீரின் நன்மைகள்'. கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆசிரியை நல்லம்மாள் எழுதிய தாள் இப்போது விசாரணை அதிகாரியான தங்கள் மேசையில் இருக்கிறது. அதில் நன்மை ஒன்றும் இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கிணறு நாறுகிறது, மூன்று பிள்ளைகள் வாந்திபேதியில் இறந்தனர், கடிதம் எழுதினால் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பிரித்துக் கிழித்துவிடுகிறார், முத்திரையிட்ட இத்தாள் மட்டுமே வெளியே செல்லும், அரசாங்க மருத்துவரிடம் தெரிவியுங்கள் என்று எழுதியிருந்தாள்.

முடிவு வெளியான அன்று அவள் இரயிலேறி வந்தாள்.

"அண்ணே, என் தாளைப் படிச்சீங்களா?"

"நீ தலைப்பை விட்டு விலகிப் போயிட்டேம்மா."

"தலைப்பு கிணறுதானே? நானும் கிணத்தைப் பத்தித்தானே எழுதினேன்?" குரல் உயரவில்லை. "அதுக்கப்புறம் ஒம்பது புள்ளைங்க போயிருச்சுங்கண்ணே."

மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் அவகாசம் உண்டு என்பதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன்.

குறிப்புகளை மட்டும் தேடினேன், தாளைப் படிக்கவில்லை என்று நேற்றுத் தங்களிடம் கூறினேன். அது உண்மையன்று. இருமுறை படித்தேன். தெளிவாகவே விளங்கிற்று. காட்டியிருந்தால் தலைவர் மீண்டும் எல்லாத் தாள்களையும் தாமே படிக்கத் தொடங்கியிருப்பார். நான் பட்டறைக்குத் திரும்பியிருப்பேன். எனவே அதனைக் கட்டின் அடியில் வைத்துக் கட்டினேன்.

விசாரணை தொடங்கி மூன்று நாளாயிற்று. யாவரும் கிணற்றைப் பற்றியே வினவுகின்றனர். அரும்பாடுபட்டு அமைத்த என் முறையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு குறிப்பேனும் இல்லாத தாளுக்கு முறைப்படி பூச்சியமே உரியது. நல்லம்மாளுக்கு நான், கையெழுத்து அழகாயிருந்தமையால், இரண்டு வழங்கினேன். என்னிடம் அவ்வளவு இரக்கம் இருந்தது என்பதையும் அருள்கூர்ந்து பதிவுசெய்க.